பதினாலாம் நம்பர் ரோட்டு மேஸ்திரி

செய்தி நாமக்கல் பஸ்ஸில் வந்தது. சேலத்தில் ஆபீசுக்குப் போகும் வழியில் வெற்றிலைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். வண்டி நிற்பதற்கு முன்பே கண்டக்டர் குதித்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். "ஏனுங்க, பதினாலாம் நம்பர் மேஸ்திரி போயிட்டாருங்க. நேத்துப் பொழுது சாயறப்போ. நாலு நாளாக் காய்ச்சலுங்களாம். உங்களுக்குக் கட்டாயம் சொல்லோணும்னு அவரு ஊட்டுக்காரம்மா சொல்லியுட்டாங்க" என்றார். கையிலிருந்த வெற்றிலையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், அந்த வண்டி திரும்பும்போது அதிலேயே ஏறிக்கொண்டேன்.

அவர் முழுப்பெயர் செல்லமுத்து. சேலம் ஜில்லா போர்டில் இருபத்து மூன்று வருஷம் ரோடு வேலை பார்த்தவர். அதில் பதினெட்டு வருஷம் மேஸ்திரி. புதுச்சத்திரத்தில் பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்து, கிழக்கே மூன்று மைல் ஓடி, கொழுஞ்சிக்காடு என்ற கூலிக்காரர்கள் ஊரில் முடிகிற சின்ன ரோடு அவர் பொறுப்பில் இருந்தது. அவர் பிறந்த ஊரும் அதுதான். அந்த ரோட்டின் எண் பதினாலு. பெயரைச் சொன்னால் விழிப்பவர்கள்கூட எண்ணைச் சொன்னால் அவரைத் தெரியும் என்பார்கள்.

போன வாரம் ஆபீசில் அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். அவரை இரண்டு தடவைகூடப் பார்த்திராத ஒருவர் எழுந்து, "சாதுவான மனிதர், மேலதிகாரிகளின் உத்தரவுக்குப் பணிந்து நடந்தவர்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மறுத்துப் பேச எழுந்தேன். நேரமாகிவிட்டது, டீ வந்துவிட்டது என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். அவரோடு கப்பிக்கல் சுமந்தவர்களும் திமிசு பிடித்து ரோடு இடித்தவர்களும் இதைப் படிப்பீர்கள், படிக்கத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்பீர்கள். செல்லமுத்து மேஸ்திரி பணிந்து நடந்தவர் அல்ல. எழுத்தில் வந்த உத்தரவைப் பதினோரு மாதம் பகிரங்கமாக மீறியவர். அவருக்கு மரியாதை செய்ய வேண்டுமானால் அதைச் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

இன்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பழைய எண்களைப் பற்றித் தெரியாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஜில்லா போர்டும் தன் ரோடுகளுக்குத் தானே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொண்டது. சேலம் ஜில்லாவுக்கு ஒரு ஒன்று, திருச்சி ஜில்லாவுக்கு வேறொரு ஒன்று. ஒரே ரோடு ஜில்லா எல்லையைத் தாண்டினால் எண் மாறிவிடும். வண்டி ஓட்டுகிறவனுக்கு அது ஒரே ரோடுதான், ஆபீசுக்கு மட்டும் இரண்டு. மைல்கல்லில் மேலே மைல் கணக்கும் கீழே ரோட்டின் எண்ணும் இருக்கும். கல்லுக்கு வெள்ளையடித்து, விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்து எழுதுவார்கள். எண் இருந்தால் கப்பி வரும், மதகு இடிந்தால் ஆள் வரும், ரோட்டுக்கென்று ஒரு மேஸ்திரியும் எட்டு ஆளும் இருப்பார்கள். எண் இல்லாவிட்டால் அது வெறும் வண்டித்தடம். நிலக்காரன் நினைத்தால் உழுதுவிடலாம்.

முதன்முதலில் அவரைப் பார்த்தது, வெள்ளையடிக்கச் சுண்ணாம்பும் கரியும் வாங்க அவர் ஆபீசுக்கு வந்தபோது. நான் அப்போது ரோடு பிரிவில் நகல் குமாஸ்தா. மீசை சரியாக முளைக்காத வயது, ஆனால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்த அவரை எல்லோரையும் போல நானும் "ஏ செல்லா" என்றுதான் கூப்பிட்டேன். சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"இந்த நம்பரு எதுக்குங்க சாமி?"

"நம்பர் இருந்தா அது போர்டு ரோடு. கலெக்டரும் நடக்கலாம், நீயும் நடக்கலாம். நடக்காதேன்னு சொல்ல எவனுக்கும் அதிகாரம் கிடையாது."

"எவனுக்குமுங்களா?"

"எவனுக்கும்."

"நடுவாலயுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நடுவிலே நட, ஓரத்திலே நட, உன் இஷ்டம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சரிங்க, வாரேனுங்க" என்று சுண்ணாம்பைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ரோட்டில் முதல் மைலுக்குள் ஒரு பெரிய பண்ணை வீடு இருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் அவர்கள் நிலம். கொழுஞ்சிக்காட்டு ஜனங்கள் அந்த வீட்டுக்கு நேரே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்துப் பள்ளத்தில் நடந்து போக வேண்டும். ரோடு போட்டவர்களே அவர்கள்தான். கப்பி உடைத்தது, கொட்டியது, இடித்தது எல்லாம் அவர்கள். செத்துப்போனவர்களுக்கு அந்தப் பள்ளமும் கிடையாது. சுடுகாடு பண்ணை வீட்டுக்கு அப்பால் இருந்ததால், பிணத்தைத் தெற்கே ஓடைக்குள் இறக்கி, கல்லிலும் முள்ளிலும் சுற்றிக்கொண்டு போவார்கள். ஐப்பசி மழையில் யாராவது செத்தால் இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு போன மறுநாளே மேஸ்திரி செருப்புக் காலோடு, திமிசைத் தோளில் வைத்துக்கொண்டு, பண்ணை வீட்டு வாசலில் ரோட்டின் நடுவே நடந்திருக்கிறார். பண்ணைக் காரியக்காரர் ஓடி வந்து மறித்திருக்கிறார். "ரோட்டு மட்டம் பாக்கறனுங்க. ஓரத்துல நின்னா மட்டம் தெரியாதுங்க. போர்டு வேலைங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாராம். அடுத்த நாள் எட்டு ஆட்களும் மட்டம் பார்த்தார்கள். அடுத்த வாரம் அவர்கள் பெண்டாட்டிகளும் பிள்ளைகளும் ராசிபுரம் சந்தைக்குப் போகும்போது நடுரோட்டில் மட்டம் பார்த்துக்கொண்டே போனார்கள். ஆறு மாதத்தில் ஊரே மட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. இதை எங்களிடம் சொல்லும்போதெல்லாம் மேஸ்திரி குனிந்து ஒரு கண்ணை மூடிக் காட்டுவார். ஆபீஸ் முழுவதும் சிரிக்கும். ஆனால் பிணங்கள் மட்டும் ஓடைவழியே போய்க்கொண்டிருந்தன. பிணம் மட்டம் பார்க்கிறது என்று சொல்ல முடியாதல்லவா?

இனிமேல் சொல்லப்போவது என் பங்கு. நாமக்கல் தாலுகா திருச்சி ஜில்லாவிலிருந்து பிரிந்து சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது. இரண்டு ஜில்லாக்களின் பழைய எண்களும் ஒன்றோடொன்று மோதின. இரண்டு ஏழு, இரண்டு பத்து, இரண்டு பதினைந்து. பழைய எண்களையெல்லாம் தள்ளிவிட்டு முழு ஜில்லாவுக்கும் புதிதாக ஒரே பட்டியல் போடச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு பட்டியல்களையும் ஒன்றாக்கும் வேலை என் மேஜைக்கு வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது அதற்குக் காரணம். எனக்கு அதில் பெருமையும் உண்டு.

கொழுஞ்சிக்காட்டு ரோடு பழைய ஜில்லா எல்லையை நடுவில் தாண்டுகிற ரோடு. புதுச்சத்திரத்திலிருந்து ஒன்றரை மைல் சேலம் பட்டியலில் பதினாலு, மிச்சம் ஒன்றரை மைல் திருச்சிப் பட்டியலில் ஒன்பது. ஆனால் முழு ரோட்டையும் பராமரித்தது சேலம் போர்டு என்பதால் மூன்று கல்லிலும் பதினாலுதான், ஒன்பது காகிதத்தில் மட்டும். எல்லையைத் தாண்டுகிற ரோடுகளை ஒரு பட்டியலில் அடித்துவிட்டு மற்றதில் முழு நீளத்துக்கும் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. காலையில் சேலம் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினாலைப் பார்த்தேன். இது திருச்சிப் பட்டியலிலும் இருக்கிறதே, அங்கே எழுதிக்கொள்ளலாம் என்று சிவப்பு மையால் அடித்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து திருச்சிப் பட்டியலை எடுத்தேன். ஒன்பதைப் பார்த்தேன். இதைத்தான் காலையில் சேலத்தில் பார்த்தோமே என்று அதையும் அடித்தேன். அவ்வளவுதான். ஒரு சாப்பாட்டு இடைவேளையில் மூன்று மைல் ரோட்டை ஜில்லாவிலிருந்து காணாமல் அடித்துவிட்டேன்.

புதுப் பட்டியல் அச்சாகி வந்தது. பட்டியலில் இல்லாத தடங்களில் பழைய மைல்கல் இருந்தால் எண்ணை அழித்துப் பிடுங்கிப் பக்கத்துக் கப்பி மேட்டில் சேர்க்க வேண்டும் என்று ஓவர்சியர்களுக்கு உத்தரவும் போயிற்று. பண்ணைக்கு விஷயம் எப்படி எட்டியதோ, எங்கள் ஆபீசுத் தபாலுக்கு முன்பே எட்டியிருந்தது. நாலே நாளில் பண்ணை வீட்டுக்கு எதிரே இரண்டு பர்லாங்கு நீளத்துக்கு ரோட்டை ஏர் கட்டி உழுது கம்பு விதைத்துவிட்டார்கள். இரண்டு முனையிலும் முள் வெட்டிப் போட்டார்கள். கொழுஞ்சிக்காட்டார் இனி எங்கே போவதானாலும் ஓடைக்குள் இறங்கித்தான் போக வேண்டும், உயிரோடு இருக்கிறவர்களும்.

மேஸ்திரி சேலத்துக்கு வந்தார். நேராக என் மேஜைக்கு வந்தார். பட்டியலைக் காட்டச் சொன்னார். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எண்கள் நன்றாகத் தெரியும். நான் பழைய பட்டியல்கள் இரண்டையும் விரித்தேன். விரித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு இடத்திலும் சிவப்புக் கோடு. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பதினாலையும் அடிச்சிருக்குது, ஒம்பதையும் அடிச்சிருக்குது. ஒரே கை அடிச்ச கோடாட்டம் இருக்குதுங்களே சாமி?"

"அதெல்லாம் மேலிடத்து உத்தரவு" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவரைப் பற்றி உண்மை எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு, என்னைப் பற்றிப் பொய் எழுத முடியாது. என் வேலைக்குப் பயந்து பொய் சொன்னேன். ஒரு ஊர் ஓடைக்குள் இறங்கி நடந்தால் நடக்கட்டும், என் கையெழுத்தின் பெருமைக்குப் பங்கம் வரக் கூடாது என்று நினைத்தேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அப்போ நாங்க பாத்துக்கறமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓவர்சியர் கல்லைப் பிடுங்கச் சொன்னார். மேஸ்திரி கடப்பாரையை ஓவர்சியர் காலடியில் வைத்தார். "நடறதுக்குக் கூலி குடுத்தீங்க, நட்டேன். புடுங்கறதுக்கு எனக்குக் கை வராதுங்க. உங்களுக்கு வந்தாப் புடுங்கிக்கங்க." மூன்று கற்களில் ஒன்றையும் அவர் பிடுங்கவில்லை, பிடுங்க யாரையும் விடவும் இல்லை. ஊர் ஜனம் சந்தைக்குப் போகிற நாளாகப் பார்த்துப் பண்ணை ஆட்கள் வந்து எண்ணின் மேல் தார் பூசுவார்கள். சந்தையிலிருந்து திரும்புகிற பெண்கள் அதைச் சுரண்டுவார்கள். மேஸ்திரி வெள்ளையடித்து மறுபடி பதினாலு என்று எழுதுவார். அவர் எழுதுகிற நாலுக்கு வால் கொஞ்சம் நீளம். ஆபீசில் நாங்கள் அதைக் கேலி செய்வோம். தார் பூசப் பூச அந்த வால் இன்னும் நீண்டுகொண்டே போயிற்று.

உழுத இடத்துக்கு அவர் செய்த வைத்தியம் வேறு. பழைய ரோடு எந்த வரிசையில் போயிற்று என்று அவருக்கு அடி பிசகாமல் தெரியும். முள்ளை விலக்கிவிட்டு, தினமும் விடிந்ததும் ஊர் முழுவதையும் அந்த வரிசையில் நடக்கச் சொன்னார். ஆண், பெண், ஆடு, மாடு, கைக்குழந்தை எல்லாம். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. வெளியே சோலி இல்லாதவர்களும் சும்மா நடந்துவிட்டு வர வேண்டும். பண்ணை மறுபடி உழுதது. இவர்கள் மறுபடி மிதித்தார்கள். மூன்று தடவை உழுதார்கள், மூன்று தடவையும் மிதித்தார்கள். மழை பெய்து சுற்றிலும் கம்பு முழங்கால் உயரம் வந்தபோதும் ரோடு அகலத்துக்கு ஒரு பயிர்கூட முளைக்கவில்லை. "மிதிக்கிற எடத்துல என்ன வெதச்சாலும் வராதுங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குள் அவரையும் எட்டு ஆட்களையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ரோடே இல்லாதபோது மேஸ்திரி எதற்கு? ஒரு நாள் காலையில் நடக்கும்போது பண்ணை ஆட்கள் மூங்கில் தடியோடு வந்து அடித்தார்கள். அவருக்கு இடது கை முறிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு மறுநாளும் நடந்தார். அவர் மனைவி நல்லம்மாள் முன்னால் நடந்தார். அந்த வருஷங்களில் வெள்ளைக்காரச் சர்க்காரின் உத்தரவை மீறியவர்களுக்கு ஊர் ஊராக மாலை போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். எங்கள் மேஸ்திரிக்கு மாலை போட யாரும் வரவில்லை. பத்திரிகையிலும் எழுதவில்லை. அவர் மீறியது சின்ன உத்தரவுதானே, மூன்று மைல் நீள உத்தரவு.

அடிதடி ஆனதும் பண்ணையார் தன் நிலத்தில் அத்துமீறி நடக்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். ஸ்தலத்தில் விசாரிக்க ஜில்லா எஞ்சினியரே வந்தார். பட்டியல்களைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பண்ணை வீட்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். எஞ்சினியர் அதில் உட்காராமல் நேராக அந்த மிதித்த தடத்துக்கு வந்து நின்றார். ஒரு பக்கம் பண்ணையார், மறுபக்கம் கொழுஞ்சிக்காடு முழுவதும்.

"எண் இல்லை. எண் இல்லாதது போர்டு ரோடு இல்லை. என் நிலம்" என்றார் பண்ணையார். அச்சடித்த பட்டியலைக் காட்டினார். சரியாகத்தான் சொன்னார். நான் கொடுத்த பேச்சு அது.

எஞ்சினியர் மேஸ்திரியைப் பார்த்து, "கல்லில் பதினாலு என்று புதுசாக எழுதியிருக்கிறதே, யார் எழுதச் சொன்னார்கள்?" என்று கேட்டார்.

"போர்டுதானுங்க சொல்லுச்சு."

"அது பழைய உத்தரவு. அழிக்கச் சொன்னது தெரியுமா?"

"தெரியுமுங்க. அழிக்க மாட்டேன்னு சொன்னேனுங்க."

"ஏன்?"

"அழிச்சா நாளைக்கு எங்கூட்டுப் பொம்பளைங்க ஓடையில நடக்கோணுமுங்க. அழிக்கச் சொன்னவங்க ஊட்டுப் பொம்பளைங்க நடக்கறதில்லீங்களே. அவங்க அழிக்கச் சொல்லத்தான் சொல்லுவாங்க."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருக்கலாம். "இந்த ஐயாவைக் கேளுங்க, ஒரே கை அடிச்ச கோடு" என்று சொல்லியிருக்கலாம். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினியரையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "நான்தான் ஸார் அடித்தேன்" என்றேன். "இரண்டு பட்டியலிலும் நான்தான் அடித்தேன். உத்தரவு எதுவும் இல்லை. என் கவனப்பிசகு. இவர் வந்து கேட்டபோது பொய் சொன்னேன்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. நல்லம்மாள் கூட்டத்திலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

என்னை ஒரு வருஷம் ரிக்கார்டு ரூமில் போட்டார்கள். தூசியும் கரையானும்தான் துணை. ஒரு நாள் மேஸ்திரி மடி நிறைய வேர்க்கடலையோடு அங்கே வந்து நின்றார். அன்றுதான் முதல் தடவையாக, "வாங்க மேஸ்திரி, உட்காருங்க" என்று சொன்னேன். அவர் அதைக் கவனித்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. உட்கார்ந்து கடலையை உடைத்தார்.

"பட்டியலைப் பார்த்த அன்றைக்கே தெரிந்துவிட்டது அல்லவா? ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது புகாருங்க. நீங்க சொன்னாத்தான் ரோடு."

பதினோரு மாதம் அவர் காத்திருந்தது நான் வாயைத் திறப்பதற்காக. வேலை போய், கை முறிந்து, ஊரையே மிதிக்க வைத்துக்கொண்டு காத்திருந்தார். இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடு கொஞ்சம் கோபமும் வருகிறது, அவர்மேல்தான். ஒரு தடவை வந்து சட்டையைப் பிடித்திருக்கலாம்.

ரோடு பட்டியலில் ஏறியது. அவருக்கும் எட்டு ஆட்களுக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் பதினாலு என்ற எண் அதற்குள் வேறொரு ரோட்டுக்குப் போயிருந்தது. கடைசியில் சேர்த்ததால் இதற்கு எண்பத்தேழு கொடுத்தோம். மேஸ்திரி கல்லின் முன்பக்கத்தில் எண்பத்தேழு என்று ஒழுங்காக எழுதினார். பின்பக்கத்தில், ஊரைப் பார்த்த பக்கத்தில், பதினாலை அப்படியே விட்டார். ஓவர்சியர்கள் மாறி மாறி வந்து சத்தம் போட்டார்கள். ஒரு கல்லில் இரண்டு எண் இருந்தால் குழப்பம் என்றார்கள். "முன்னால இருக்கறது ஆபீசு குடுத்ததுங்க. பின்னால இருக்கறது நாங்க உடாம வெச்சிருந்தது. வாரவங்க முன்னால பாத்தாப் போதும், பின்னால பாக்கறது நாங்கதானுங்க" என்பார். ஒவ்வொரு தைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளையடித்து இரண்டு எண்ணையும் எழுதினார், வேலையில் இருந்த கடைசி நாள்வரைக்கும்.

ரோடு பட்டியலில் ஏறிய வருஷ ஐப்பசியில் அவர் அம்மா இறந்தார். பாடையை எடுத்த நாலு பேரும் பழக்கத்தில் ஓடைப் பக்கம் திரும்பினார்களாம். யாரும் சொல்லாமலே கால்கள் அந்தப் பக்கம் போயின. மேஸ்திரி முன்னால் போய் நின்று, தீச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "ரோடு இந்தப்பக்கம் இருக்குது" என்றார். அன்று முதல் கொழுஞ்சிக்காட்டுப் பிணம் எதுவும் ஓடைக்குள் இறங்கவில்லை.

தன் ஊர் ரோடு என்பதால்தான் இத்தனை பாடுபட்டார், மற்ற ரோடுகளுக்கு இப்படிச் செய்தாரா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்திலேயே ஒருவர் என் காதில் முணுமுணுத்தார். ஆமாம், தன் ஊர் ரோட்டுக்குத்தான் பாடுபட்டார். பின்னே? நடக்க விடாமல் மறித்தது அவர் காலைத்தானே? பண்ணையார் தன் நிலத்துக்குப் பேசினால் அது நியாயம், மேஸ்திரி தன் ரோட்டுக்குப் பேசினால் சுயநலமா? இந்தக் கணக்கு எனக்குப் புரிவதில்லை, புரிந்துகொள்ளவும் உத்தேசமில்லை.

கண்டக்டர் சொன்ன அன்று நான் புதுச்சத்திரத்தில் இறங்கி மூன்று மைலும் நடந்து போனேன். போவதற்குள் எடுத்துவிடுவார்களோ என்று பயம். எடுக்கவில்லை. நல்லம்மாள் என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா சாமி? உங்களுக்குத்தான் நிறுத்தி வெச்சோம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஊர் முன்னால் அழுதேன். பறை முழங்க நடுரோட்டில் கொண்டுபோனோம். நானும் ஒரு பர்லாங்கு தோள் கொடுத்தேன். கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து ஹாரன் அடித்தது. யாரும் ஒதுங்கவில்லை. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் கடந்து போகும்வரை நின்றார்.

இப்போது ரோடுகளைச் சர்க்கார் இலாகாவே எடுத்துக்கொள்கிறது. மறுபடியும் எண்கள் மாறுகின்றன. பழைய போர்டு எண்கள் எங்கெங்கே மிச்சமிருந்தாலும் அவற்றை அழித்து, அழித்தாயிற்று என்று ரோடு ரோடாக அறிக்கை அனுப்ப வேண்டும் என்று போன திங்கட்கிழமை உத்தரவு வந்தது. அறிக்கை தயாரிக்கும் வேலை, நான் இப்போது தலைமைக் குமாஸ்தா என்பதால், என்னிடம் வந்தது. நேற்று அதை எழுதி முடித்தேன். மற்ற ரோடுகளுக்கெல்லாம் 'அழிக்கப்பட்டது' என்று எழுதினேன். கொழுஞ்சிக்காட்டு ரோட்டுக்கு எதிரே, என் நல்ல கையெழுத்தில், 'பின்பக்கத்து எண் பதினாலு அழிக்கப்படவில்லை, அழிக்கப்படாது' என்று எழுதினேன். மறுப்பவர் யார் என்று தேடி அலைய வேண்டாம் என்பதற்காக அந்த வரிக்கு நேரே என் முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பம் போட்டு அனுப்பிவிட்டேன். செல்லமுத்து மேஸ்திரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.